ஒரு முழம் நாலு விரல்

“இன்னும் ரெண்டு விரக்கடை அகட்டிக் கட்டுங்க வெள்ளையண்ணா. அப்பா ஒடம்புக்கு இது எப்பிடிப் பத்தும்?”

ரத்தினசாமி மூன்றாவது தடவையாக இதைச் சொன்னான். வெள்ளையன் வாசலில் குந்திப் பாடை கட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் செருகியிருந்த குச்சியை எடுத்து இரண்டு பச்சை மூங்கில்களுக்கும் நடுவே வைத்துப் பார்த்தான். கொஞ்சம் இடைவெளி இருந்தது. ஒரு மூங்கிலை உள்ளே தள்ளி, குச்சி இரண்டு பக்கமும் முட்டிய பிறகுதான் குறுக்குக் கட்டைக்குக் கயிறு சுற்றினான்.

“ஒரு மொழம் நாலு விரலுங்க தம்பி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.”

“ஆரு சொன்னது?”

“எங்கப்பன்.”

“அவருக்கு ஆரு சொன்னது?”

“அவுங்கப்பன். எதுக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. இந்தத் தெருவுக்கு இதுதான் அளவு. மத்த ஊருக்குக் கட்டறப்ப அகலமாத்தான் கட்டறேன்.”

ரத்தினசாமிக்கு எரிச்சலாக வந்தது. காதர்பேட்டையில் பனியன் கடைக்காரரிடம் கணக்குப்பிள்ளை. காரணம் இல்லாத காரியம் எதுவும் அவனுக்குப் பிடிக்காது. ஆனால் அப்பாவைப் போட்டுவிட்டு வாசலில் அளவுக்குச் சண்டை போட முடியுமா? திரும்பி வீட்டுக்குள் வந்தான்.

உள்ளே அவன் அக்கா கமலாம்பாள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். சுற்றிலும் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஏதோ கணக்குப் போடுகிறவளைப் போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரத்னம், இங்க வா” என்று அவனைக் கிட்டே கூப்பிட்டாள். “ரயில்வே கேட்டுப் பக்கம் போக வேண்டாம். அப்பாவை இட்டேரி வழியாத்தான் கொண்டு போகோணும்.”

“என்னக்கா சொல்ற? இட்டேரி எங்க இருக்குது?”

“இருக்குது. அப்பா சொன்னாரு.”

ரத்தினசாமி தலையில் கை வைத்துக்கொண்டான்.

அந்தத் தெருவில் இட்டேரி என்று சொன்னாலே சிரிப்பார்கள். அப்பா அர்த்தநாரிக்கு இட்டேரிக்காரர் என்றே பட்டப்பெயர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வரை தெருவின் கோடியிலிருந்து இரண்டு பக்கமும் கள்ளி வேலி போட்ட ஒரு வண்டிப்பாதை நேராக ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போனது; அதுதான் இட்டேரி. எட்டி நடந்தால் அஞ்சு நிமிஷம். இன்றைய கம்பெனி முதலாளி கிட்டுசாமியின் அப்பா ஆத்தப்பக் கவுண்டர் அந்த நிலத்தை வாங்கி, கள்ளியை வெட்டி, நிலத்தை நிரவி, சுற்றுச் சுவர் எழுப்பிப் பனியன் கம்பெனி கட்டினார். தெரு முடிகிற இடத்தில் இப்போது கம்பெனி கேட் நிற்கிறது. அதற்குப் பிறகு இந்தத் தெருவில் யார் செத்தாலும் சந்தை ரோட்டில் போய், ரயில்வே கேட்டைத் தாண்டி, பாலம் ஏறி, ஒன்றரை மைல் சுற்றித்தான் போக வேண்டும்.

அர்த்தநாரி முன்னே நின்று தெருக்காரர்களைச் சேர்த்துக் கேஸ் போட்டார். மூன்று வருடம் நடந்தது. இட்டேரியின் நடுவே பாடைக்கல் என்று ஒரு கல் இருந்தது. பாடையை அதன் மேல் இறக்கி, தலைமாட்டைக் கால்மாடாக மாற்றி வைத்துத் தூக்குவார்கள். போகிறவர் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டுமாம். அந்தக் கல் எங்கே என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார். நிரவிய நிலத்தில் பெரியவர்கள் மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டினார்கள். வக்கீல் சிரித்தார். வழி இருந்ததற்கு அடையாளம் இல்லை என்று கேஸ் தள்ளுபடியானது. பாடை கட்டுகிற வெள்ளையனின் அப்பனைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேஸ் தோற்றால் என்ன, பிழைப்பு வேண்டாமா? அதே கம்பெனியில் அர்த்தநாரி நிட்டிங் மெஷின் ஓட்டப் போனார். நாலாம் நம்பர் மெஷின். வேறு ஆள் தொட்டால் அது நூலை அறுத்துக்கொண்டு நின்றுவிடும் என்று சொல்வார்கள். கமலாம்பாளும் அங்கேதான் தையல் மெஷின்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் இருந்தாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அப்பாவோடு ஒரே வீடு, ஒரே கம்பெனிச் சங்குக்கு வேலை.

ஏழு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழையில், அம்மா மருதம்மாள் இறந்தாள். பாடையோடு பெண்கள் பாடைக்கல் வரை போகலாம் என்பது தெருவின் வழக்கம். கல்லே இல்லாமல் போன பிறகு பெண்களைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட்டார்கள். கமலாம்பாள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் மழையில் நின்றபடி அம்மா சந்தை ரோட்டில் திரும்பிப் போவதைப் பார்த்தாள். அப்புறம் நடந்ததை ரத்தினசாமி வந்து சொன்னான். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போய் முடிய அரைமணி நேரம். பாடை மழையில் நனைந்துகொண்டு நின்றது, பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள், சட்டியில் கொண்டுபோன நெருப்பு அணைந்துபோனது. பக்கத்து டீக்கடை அடுப்பிலிருந்து கங்கு வாங்கித்தான் அம்மாவுக்குத் தீ வைத்தார்கள்.

டீக்கடை நெருப்பு. அது கமலாம்பாளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அர்த்தநாரி அதற்குப் பிறகு அந்தக் கடையில் டீ குடித்ததே இல்லை.

இன்று விடியற்காலையில் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியபோது கமலாம்பாள் மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டுப் பேசினார்.

“நாலாம் நெம்பருக்குக் கீழதாங் கண்ணு கல்லு இருக்குது. ரெண்டு வருசத்துக்கு முன்ன சிமிட்டி போடறதுக்கு மெஷினை நகத்துனாங்கல்ல, அப்பப் பாத்தேன். பத்திரமா வெச்சிருக்கறேன்.”

“ஏம்ப்பா அப்பவே சொல்லுல?”

“சொன்னா பேத்து ஆத்துல போட்டிருவாங்க. அடுத்தவன் பொணத்தை வெச்சுச் சண்டை போட எனக்கு மனசு வரலீ. என்ற பாடை போயிக் கேக்கட்டும். பாடை கேட்டா ஆரு இல்லீம்பாங்க?”

அவ்வளவுதான். அப்புறம் தண்ணீர் கேட்டார். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

சிமெண்டுக்குள் போன கல்லை ஒரு மனிதர் எப்படிப் பத்திரமாக வைத்திருக்க முடியும்? சாகிற நேரத்து உளறலாக இருக்குமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஆனால் இரண்டு வருடமாக அவர் செய்துவந்த சில காரியங்கள் இப்போதுதான் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. மேஸ்திரி வேலை கொடுத்தபோது, நாலாம் நம்பரை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த மெஷின் பக்கம் செருப்போடு போக மாட்டார். ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினுக்குப் பொட்டு வைக்க, அவர் தரைக்குச் சந்தனம் பூசினார். “உங்கப்பனுக்குக் கண்ணு மங்கீருச்சு, மெஷினுக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியலீ” என்று அவளிடமே கேலி பேசினார்கள்.

“அக்கா, இன்னிக்கு வேண்டாம்” என்றான் ரத்தினசாமி மெதுவாக, அவள் எல்லாம் சொல்லி முடித்ததும். “கல்லு இல்லீன்னா நாளைக்கு ஊரே சிரிக்கும். பொணத்தைத் தூக்கிட்டுப் போயிக் கேட்டுல நின்னு அவமானப்படோணுமா?”

“அம்மா டீக்கடை நெருப்புல வெந்தா. அதை உட அவமானம் என்ன இருக்குது?”

அவன் வாசலுக்குத் திரும்பிப் போனான்.

மதியம் திரும்பியதும் பாடை எடுத்தார்கள். ரத்தினசாமி நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். தெருக்கோடி வந்ததும் பெண்கள் வழக்கம்போல நின்றார்கள். கமலாம்பாள் நிற்கவில்லை.

“ஏ கமலா, எங்க போறே? அதுக்கு மேல போகக் கூடாது” என்று தெருவுக்கே மூத்தவளான பெரியாத்தாள் கத்தினாள்.

“பாடைக்கல்லு வரைக்கும் போலாமில்லீங்க? நீங்களும் வாங்க.”

பெரியாத்தாள் திகைத்துப்போய் நின்றாள். பிறகு, என்னதான் நடக்கிறதென்று பார்த்துவிடலாம் என்று அவளும் நடந்தாள். அவள் பின்னால் மற்ற பெண்களும் வந்தார்கள்.

கம்பெனி கேட்டில் முதலாளி கிட்டுசாமி மாலையோடு காத்திருந்தார். ஆத்தப்பக் கவுண்டர் போய் நாலு வருடம் ஆகிறது. கம்பெனி இப்போது இவர் கையில். கோபக்காரர். ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார் என்று தொழிலாளிகளே ஒப்புக்கொள்வார்கள். மாலையைப் போட்டுக் கும்பிட்டு, “அர்த்தநாரியண்ணன் மாதிரி மெஷின்காரன் இனி ஆரு இருக்கறா” என்றார். அந்த வருத்தம் உண்மையானதுதான்.

பாடை நகரவில்லை. கமலாம்பாள் முன்னால் வந்து நின்றாள்.

“மொதலாளி, உள்ள உடோணுமுங்க.”

“எங்கம்மா?”

“நாலாம் நெம்பர் மெஷினுக்குக் கீழ பாடைக்கல்லு இருக்குதுங்க. அப்பாவை அதுல எறக்கி மாத்தோணும். அப்பறம் பின்னால சொவத்து வழியா ஆத்துக்குப் போறோமுங்க.”

கிட்டுசாமியின் முகம் சிவந்தது. “மறுபடியும் அந்தப் பேச்சா? அந்த எடத்துல வழியும் இல்லீ, கல்லும் இல்லீன்னு எங்கப்பன் கோர்ட்டுல சத்தியம் பண்ணியிருக்கறாரு. அவரு பொய் சொன்னாருங்கறயா?”

“அதெல்லாம் நாஞ் சொல்லுலீங்க. மெஷினை நகத்திப் பாக்கச் சொல்றேன். கல்லு இல்லீன்னா இப்பிடியே திரும்பி ரோட்டு வழியாப் போயிர்றோம். இனி எங்க தெருவுல ஒருத்தரும் இட்டேரின்னு வாயத் தொறக்க மாட்டோமுங்க.”

பின்னால் நின்ற ரத்தினசாமி அக்காவையே பார்த்தான். தெரு முழுவதற்கும் சேர்த்து அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாளே! இத்தனை வருஷத்து ஆசையை ஒரு சிமெண்டுத் தரையின் மேல் வைத்துவிட்டாள். கூட்டத்தில் நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒருவரும் குறுக்கே வரவில்லை.

உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிட்டிங்காரர்களும் தையல்காரர்களும் கைமடிப் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றுகொண்டார்கள். எப்போதும் இரைந்துகொண்டிருக்கிற கொட்டகை அமைதியானதும், கிட்டுசாமி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“சரி” என்றார். “கல்லு இருந்தா நானே சொவத்தை இடிக்கறேன். இல்லீன்னா நீ சொன்ன மாதிரிதான். வாக்கு வாக்கா இருக்கோணும்.”

“இருக்குமுங்க.”

நாலாம் நம்பரின் போல்ட்டுகளைக் கழற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள். மெஷின் முனகிக்கொண்டு நகர்ந்தது. கீழே வழுவழுவென்று சிமெண்டுத் தரை. எண்ணெயும் பஞ்சும் அப்பிக் கிடந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. கிட்டுசாமி கையைக் கட்டிக்கொண்டார். திருமூர்த்தி என்ற மெக்கானிக் கடப்பாரையை எடுத்து வந்து கமலாம்பாளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

முதல் அடிக்குத் தூசிதான் வந்தது. ஐந்தாவது அடியில் கடப்பாரை ணங்கென்றது. சிமெண்டைப் பெயர்த்துப் பெயர்த்து எடுத்தபோது, ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு பலகைக் கல் தெரிந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது.

“இருங்க, இருங்க” என்றார் கிட்டுசாமி. “கல்லு எங்கதான் இல்லீ? இது பூராப் பாறைக் காடு. இதுதான் பாடைக்கல்லுன்னு எப்பிடிச் சொல்றது?”

அந்தக் கல்லில் எத்தனையோ பாடைகளை இறக்கியவர்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். ஆனால் அன்றெல்லாம் அதன் மேல் பூவும் பொரியும் மண்ணும் அப்பிக் கிடக்கும். பிணத்தோடு போகிறவர்கள் கல்லையா உற்றுப் பார்ப்பார்கள்? “இதாட்டத்தான் இருக்கும்” என்று ஒரு கிழவர் இழுத்தார். கோர்ட்டில் சொன்ன அதே பதில். கமலாம்பாள் கல்லைச் சுற்றி வந்தாள். அவ்வளவுதானா? வந்தது வரைக்கும் வந்து இப்படித் திரும்பிப் போகத்தானா?

அவள் கல்லின் பக்கத்தில் மண்டியிட்டாள். ஓர் ஓரத்தில் மட்டும் சிமெண்டு ஒட்டாமல் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் நெம்பினாள். உள்ளே மெத்தென்று ஏதோ பட்டது. துணி. பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

பனியன் துணி. வெட்டிப் போட்ட துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, கயிறு போல முறுக்கிச் சுருட்டிய துணி. இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் மடித்து, பிசிறு வெளியே தெரியாமல் சுருட்டியிருந்தது. அந்த மடிப்பு அவளுடைய மடிப்பு. கைமடி வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் உட்கார்ந்து பழகியபோது, பக்கத்திலிருந்து அப்பாவும் விளையாட்டாக மடித்துப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. கண்ணை மறைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. அவள் துடைக்காமல் இழுத்தாள்.

முழுதும் வந்தபோது, அது இருந்த இடத்தில் கல்லின் நீளத்துக்கு உளியால் கொத்திய ஒரு பள்ளம் இருந்தது. சிமெண்டு ஒரு பொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. திருமூர்த்தி அந்தப் பக்கம் உட்கார்ந்து இன்னொரு துணிச் சுருளை இழுத்தான். இரண்டாவது பள்ளம்.

“நவுருங்க, நவுருங்க” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளையன் வந்தான். கம்பெனிக்குள் அவன் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. இடுப்புக் குச்சியை எடுத்து இரண்டு பள்ளங்களுக்கும் குறுக்கே வைத்தான். குச்சியின் ஒரு முனை ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்றது. மறுமுனை மற்ற பள்ளத்தின் விளிம்பில் நின்றது.

வெள்ளையன் குச்சியின் மேல் உள்ளங்கையை வைத்தான். “எங்கப்பன்” என்றான்.

“பாடையைக் கொண்டாங்க” என்றாள் கமலாம்பாள்.

நாலு பேர் பாடையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பச்சை மூங்கில்கள் இரண்டும் இரண்டு பள்ளத்தில் இறங்கி அசையாமல் உட்கார்ந்தன. தோள்காரர்கள் கையை எடுத்தார்கள். பாடை துளி ஆடவில்லை.

பெரியாத்தாள் குலவையிட்டாள்! சாவுக்கு யாராவது குலவையிடுவார்களா? அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நிட்டிங்காரர்கள் கைதட்டினார்கள். ரத்தினசாமி நெருப்புச் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி ஓவென்று அழுதான். காலையிலிருந்து அவன் அழவே இல்லை.

கிட்டுசாமி கல்லையும் நகர்த்தி வைத்த மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தக் கொட்டாய் கட்டறப்ப நாலாம் நெம்பரை இங்கதான் வெக்கோணும்னு எங்கப்பன் ஒத்தக்கால்ல நின்னாரு” என்றார், யாரையும் பார்க்காமல். “அப்ப எதுக்குன்னு எனக்குப் புரியலீ.”

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, திருமூர்த்தியின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். பின்சுவருக்குப் போய் முதல் குத்தை அவரே குத்தினார். ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்தது. அப்புறம் ஆளாளுக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கம்பெனிச் சுவரை முதலாளியே இடிக்கச் சொல்லும் நாள் இன்னொரு தடவை வருமா என்ன?

சுவர் திறக்கிற வரை அர்த்தநாரி கல்லின் மேல் காத்திருந்தார். அதன் பிறகு பாடையைத் தூக்கி, தலைமாட்டைக் கால்மாடாக்கி, மறுபடி பள்ளத்தில் இறக்கி எடுத்தார்கள். கமலாம்பாள் அப்பாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு இவ்வளவு தூரம்தான். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டாள். அம்மாவுக்கும் சேர்த்து வந்துவிட்டதாகவே நினைத்தாள்.

பாடை இடிசல்களைத் தாண்டி வெயிலில் இறங்கியது. சட்டியில் வீட்டு நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. சரிவில் இறங்கி ஆற்றங்கரைப் பனைமரங்களுக்குள் மறைகிற வரைக்கும் அவளால் பார்க்க முடிந்தது. சங்குச் சத்தம் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

மற்ற பெண்கள் தலை முழுகத் திரும்பினார்கள். கமலாம்பாள் துணிச் சுருள்கள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை. சுவர் திறந்த வழியாக ஆற்றுக் காற்று வந்து தரையில் கிடந்த பஞ்சைக் கிளப்பியது.

ஆற்றில் துணி துவைத்துவிட்டு வந்த குப்பாயி, எதிரே வந்த பாடைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள். அது போனதும் அது வந்த திசையைப் பார்த்தாள். தலையில் ஈர மூட்டையோடு ஏறி வந்து, செங்கற் குவியலுக்கு அந்தப் பக்கம் தயங்கி நின்றாள்.

“ஏனுங்க, இப்பிடிக்கா தெருவுக்குப் போலாங்களா?”

“போங்க” என்றாள் கமலாம்பாள், காலை மடக்கி இடம் விட்டு.

குப்பாயி கல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, மெஷின்களுக்கு நடுவே நடந்து, முன் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். மூட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரில் அவளுடைய பாதங்கள் சிமெண்டுத் தரையில் ஒன்றன் பின் ஒன்றாக ஈரமாகத் தெரிந்தன.